உடலுக்கும் திசை உண்டு

மனிதன் தான் வாழும் நிலத்துக்குத் திசை வகுத்தான். கதிரவன் எழும் பக்கத்தைக் கிழக்கு என்றான். சாயும் பக்கத்தை மேற்கு என்றான். விண்மீன்களைக் கொண்டு கடலில் வழி கண்டான். கிப்லாவின் திசையைக் கணிக்க வேண்டிய தேவை முஸ்லிம் அறிஞர்களை வானநூலிலும் கணிதத்திலும் ஆழச் செய்தது என்பதை நாம் பலமுறை படித்திருக்கிறோம். ஆனால், அதே மனிதன் தன் உடலுக்கும் திசை வகுத்த வரலாறு நம்மில் பலர் அறியாதது. இதற்கு மேலே, அதற்கு உள்ளே, நடுவிலிருந்து விலகி என்று மருத்துவர்கள் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லப் பயன்படும் சொற்கள் எங்கிருந்து வந்தன? எந்தெந்த மொழிகளின் வழியே நடந்தன? தமிழை எப்போது வந்தடைந்தன? இவற்றை இக்கட்டுரையில் நோக்குவோம்.

இது மருத்துவ மாணவர்க்கு மட்டும் உரிய ஆராய்ச்சி என்று எண்ணி விட வேண்டா. நோயுற்ற ஒருவர் தமக்கு வலி எங்கே என்று சொல்ல வாய் திறக்கும்போதே இச்சொற்களின் தேவை தொடங்கி விடுகிறது.

ஆற்றுக்கு வலக்கரை, ஆளுக்கு வலக்கை

வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமிர்தி என்னும் சிற்றூர் உள்ளது. மலையும் காடும் சூழ்ந்த அவ்விடத்தில் ஓர் ஆறு ஓடுகிறது. 1967ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட வன உயிரியல் பூங்காவும் அங்கே இருக்கிறது. உடலின் திசைகளைப் புரிந்துகொள்ள இந்த ஆற்றையும் பூங்காவையும் விட எளிய பாடம் வேறு வேண்டியதில்லை.

ஆற்றின் இரு கரைகளிலும் இருவர் எதிரெதிரே நின்று, 'வலப்பக்கக் கரை எது?' என்று வினவிக் கொண்டால் இருவரும் வெவ்வேறு விடைதான் கூறுவர். ஆகவே நிலநூலார் ஒரு விதி செய்தனர். ஆறு ஓடும் திசையை நோக்கி நிற்கும்போது வலக்கைப் பக்கம் இருப்பதே வலக்கரை. இடக்கைப் பக்கம் இருப்பது இடக்கரை. பார்ப்பவர் எங்கு நின்றாலும், எப்படித் திரும்பினாலும் கரையின் பெயர் மாறாது. திசை ஆற்றுக்கு உரியது, பார்ப்பவருக்கு உரியதன்று.

உடற்கூற்றியலின் முதல் விதியும் இதுவே. வலம், இடம் என்பவை நோயாளியின் வலமும் இடமுமாகும். மருத்துவர் நோயாளிக்கு எதிரே நிற்கிறார். அவருடைய வலக்கைக்கு நேரே இருப்பது நோயாளியின் இடக்கை. எனினும் மருத்துவர் தம் வலத்தை மறந்து, எதிரே இருப்பவரின் வலத்தையே வலமெனக் கொள்ள வேண்டும். எக்ஸ்ரே படத்தைக் கையில் ஏந்திப் பார்க்கும்போதும் அவ்வாறே. நமக்கு வலப்புறமாகத் தோன்றும் பக்கம், படத்தில் உள்ளவரின் இடப்பக்கம். இதனாலேயே அப்படங்களில் வலம் அல்லது இடம் என்று காட்டும் எழுத்தைப் பொறிக்கும் வழக்கம் ஏற்பட்டது.

பூங்காவின் புள்ளிமானைப் பாருங்கள். நான்கு காலில் நிற்கும் அதற்குத் தலை முன்னே, வால் பின்னே. முதுகு மேலே, வயிறு கீழே. இரண்டு காலில் நிமிர்ந்து நிற்கும் மனிதனுக்கோ தலை மேலே, பாதம் கீழே. வயிறு முன்னே, முதுகு பின்னே. ஆகவே 'முன்', 'மேல்' என்ற சொற்களை விலங்குக்கும் மனிதனுக்கும் ஒரே பொருளில் வழங்க இயலாது. இரு சாராருக்கும் பொதுவாக வேண்டுமெனில் 'முதுகுப்புறம்', 'வயிற்றுப்புறம்' என்றே சொல்ல வேண்டும். இந்த வேறுபாட்டை மறந்து, விலங்குகளை அறுத்துக் கண்டவற்றை மனிதருக்கும் ஏற்றிச் சொன்னதால் மருத்துவ வரலாற்றில் நேர்ந்த பிழைகள் பல. அவற்றுள் ஒன்றைப் பின்னர்க் காண்போம்.

நிமிர்ந்து நிற்கும் மனிதன்

கை கால்களை நாம் பலவாறு மடக்குகிறோம், திருப்புகிறோம், படுக்கிறோம், குப்புறக் கிடக்கிறோம். உடல் ஒவ்வொரு முறை அசையும்போதும் பெயர்கள் மாறினால் குழப்பமே மிஞ்சும். ஆகவே உலக மருத்துவர்கள் அனைவரும் ஒரு நிலையை ஒப்புக்கொண்டனர். ஒருவர் நிமிர்ந்து நிற்கிறார். முகமும் கண்களும் நேர் முன்னே நோக்குகின்றன. கைகள் இரு பக்கமும் தொங்குகின்றன. உள்ளங்கைகள் முன்னோக்கித் திரும்பியுள்ளன. பாதங்கள் இணைந்து முன்னோக்கியுள்ளன. இதுவே உடற்கூற்று நிலை. நோயாளி கட்டிலில் எப்படிக் கிடந்தாலும் அவரைப் பற்றிய சொற்கள் இந்த நிலையை வைத்தே சொல்லப்படும்.

உள்ளங்கை முன்னோக்க வேண்டும் என்பது சிறு நிபந்தனையாகத் தோன்றலாம். அதிலே பெரும் பயன் உண்டு. கையைத் திருப்பினால் பெருவிரல் சில வேளை உடலை ஒட்டியும், சில வேளை விலகியும் நிற்கும். உள்ளங்கை முன்னோக்கி நிற்கையில் பெருவிரல் எப்போதும் வெளிப்பக்கம். சுண்டுவிரல் எப்போதும் உட்பக்கம்.

இந்த நிலையில் நிற்பவரின் உச்சந்தலையிலிருந்து பாதங்களுக்கு நடுவே ஒரு கோடு இறங்குவதாகக் கொள்வோம். அந்த நடுக்கோட்டுக்கு நெருங்கியது உட்பக்கம்; விலகியது வெளிப்பக்கம். மருத்துவ அறிக்கைகளில் 'மீடியல்', 'லேட்டரல்' என்று நாம் காண்பவை இவையே. மூக்கு கண்ணுக்கு உட்பக்கம்; காது கண்ணுக்கு வெளிப்பக்கம். கைகால்களுக்கு இன்னும் இரு சொற்கள் வேண்டும். உடலோடு பொருந்தும் மூட்டுக்கு அருகில் உள்ளது அண்மை, விலகியது சேய்மை. 'ப்ராக்ஸிமல்', 'டிஸ்டல்' என்பன அவை. முழங்கை, மணிக்கட்டைவிட அண்மை, தோளைவிடச் சேய்மை. ஆற்றுக்குத் தலைப்பும் கடைப்பகுதியும் இருப்பது போன்றது இது. தோலை ஒட்டியது மேற்பரப்பு. எலும்பை நோக்கிச் செல்வது ஆழம். இவ்வளவே அடிப்படை. பத்துப் பன்னிரண்டு சொற்களில் உடலின் எந்த மூலையையும் சுட்டிக் காட்ட முடிகிறது.

இன்ஸீயும் வஹ்ஷீயும்

இந்த முறையை உலகுக்கு அளித்தவர் யார்? தொடக்கம் கிரேக்கருடையது. ஆனால் கிரேக்கத்துக்கும் இன்றைய மருத்துவத்துக்கும் இடையே பல நூற்றாண்டுகள் அரபுமொழியே இவ்வறிவைச் சுமந்து நடந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த கிறிஸ்தவ அறிஞர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கிரேக்க மருத்துவர் காலனின் நூல்களைப் பெயர்த்தார். அவற்றைக் கற்றும் ஆராய்ந்தும் முஸ்லிம் மருத்துவர்கள் தம் பேரேடுகளை எழுதினர். அவற்றுள் தலையாயது அபூ அலீ இப்னு ஸீனாவின் (கி.பி. 980–1037) 'அல்கானூன்'. அதன் முதற் பகுதியில் எலும்பு, தசை, நரம்பு, குருதிக் குழாய்கள் ஆகியவற்றின் அமைப்பு கூறப்படுகிறது. மூன்றாம் பகுதி, உறுப்புகளின் நோய்களைத் தலையில் தொடங்கிப் பாதம் வரை வரிசையாகச் சொல்லிச் செல்கிறது.

நம் உள்ளத்தைக் கவர்வது, உட்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் அரபு மருத்துவர் வழங்கிய பெயர்களாகும். நடுக்கோட்டை நோக்கிய பக்கத்தை 'இன்ஸீ' என்றனர். விலகிய பக்கத்தை 'வஹ்ஷீ' என்றனர். ஜின், இன்ஸ் என்று நாம் வழங்கும் இணையில் இன்ஸ் என்பது மனித இனம். 'இன்ஸீ' என்றால் மனிதரோடு பழகியது, வீட்டுக்குரியது. 'வஹ்ஷீ' என்றால் பழகாதது, காட்டுக்குரியது. உடலின் நடுவைத் தன் வீடாகவும், அதற்கு அப்பாற்பட்டதைக் காடாகவும் கண்ட சொல்லாட்சி இது. அமிர்தியைப் போன்ற மலையடிவார ஊரில் பிறந்த ஒருவருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. அவர் வீட்டுக்கு ஒரு புறம் ஊர், மறுபுறம் காடு. இன்றும் அரபு நாட்டு மருத்துவ நூல்களில் இவ்விரு சொற்களே வழங்குகின்றன.

தமிழர்க்கு இது இன்னும் நெருக்கமானது. வாழ்க்கையையே அகம், புறம் என இரண்டாகப் பகுத்த மொழி நம்முடையது. அந்தப் பகுப்பு நம் உடலிலும் பதிந்திருக்கிறது. அகங்கை, புறங்கை என்கிறோம். உள்ளங்கால், புறங்கால் என்கிறோம். அரபியர் 'இன்ஸீ' என்றதும் தமிழர் 'அகம்' என்றதும் ஒரே உறுப்பின் ஒரே பக்கத்தை எப்போதும் குறிப்பனவல்ல. எனினும் இரண்டும் ஒரே மனப்போக்கில் விளைந்தவை என்பதில் ஐயமில்லை.

மண்டையோட்டின் எலும்புகள் கூடுமிடங்களை அரபு மருத்துவர் 'தர்ஸ்' என்றனர். துணியின் தையல் என்பது அதன் பொருள். முடி சூடும் இடத்தில் குறுக்கே செல்வதை 'இக்லீலீ' என்றனர். இக்லீல் என்பது மகுடம். உச்சியில் நெடுக்காகச் செல்வதை 'ஸஹ்மீ' என்றனர். ஸஹ்ம் என்பது அம்பு. பின்புறம் இருப்பதைக் கிரேக்க லாம் எழுத்தின் வடிவை வைத்து 'லாமீ' என்றனர். இன்று ஸ்கேன் அறிக்கை ஒன்றை விரித்தால் 'கொரோனல்', 'சாஜிட்டல்' என்ற சொற்களைக் காணலாம். முதலாவது மகுடத்தையும் இரண்டாவது அம்பையும் குறிக்கும் இலத்தீன் சொற்களிலிருந்து வந்தவை. தையல் செல்லும் அதே திசையில் உடலை முன் பின்னாகப் பிரித்தால் மகுடத் தளம்; வலம் இடமாகப் பிரித்தால் அம்புத் தளம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பாரசீகத்தில் இப்னு ஸீனா எழுதிய பொருளே நம் கையிலிருக்கும் அறிக்கையிலும் இருக்கிறது.

தாயென்று பெயர் பெற்ற சவ்வு

இச்சொற்கள் ஐரோப்பாவுக்குச் சென்ற வழியும் அறியத்தக்கது. பத்தாம் நூற்றாண்டில் அலீ இப்னு அப்பாஸ் அல்மஜூஸீ என்னும் மருத்துவர் எழுதிய பெருநூலை, 1127ஆம் ஆண்டு அந்தியோக்கியாவில் ஸ்டீபன் என்பவர் இலத்தீனில் பெயர்த்தார். மூளையைப் போர்த்தியுள்ள சவ்வுகளை அரபியர் 'உம்மு', அதாவது தாய் என்று அழைத்தனர். தடித்ததை வன்மையான தாய் என்றும், மெல்லியதை மென்மையான தாய் என்றும் பிரித்தனர். பெயர்ப்பாளர் அப்படியே இலத்தீனில் 'டூரா மேட்டர்', 'பயா மேட்டர்' என ஆக்கினார். குழந்தையைத் தாய் அணைப்பது போல மூளையை அணைக்கும் சவ்வுக்குத் தாய் என்று பெயர் சூட்டிய அரபு உள்ளம் இன்றும் உலகின் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் ஒலிக்கிறது. தமிழில் அறிவியல் எழுதுவோர் அவற்றை 'வன்தாயி', 'மென்தாயி' என்று வழங்கியிருக்கின்றனர். அரபியிலிருந்து இலத்தீனுக்கும், அங்கிருந்து ஆங்கிலத்துக்கும், அதிலிருந்து தமிழுக்கும் வந்த அந்தத் தாய் வழியில் எங்கும் தன் பெயரை இழக்கவில்லை.

கிரெமோனா நகரத்து ஜெரார்டு (மறைவு 1187) ஸ்பெயின் நாட்டுத் துலைத்துலாவில், இன்றைய டொலேடோவில், 'அல்கானூனை' இலத்தீனில் ஆக்கினார். பிறகு பல நூற்றாண்டுகள் அது ஐரோப்பாவின் பாடநூலாக நிலவியது. குருதி வாங்கும் சிகிச்சைக்காக அரபியர் பெயரிட்டிருந்த கைநாளங்களுள் 'பாஸிலீக்' என்பது இன்றும் 'பாசிலிக்' நாளமாக வாழ்கிறது. முன்கையின் நடு நாளத்தை அரபியர் 'அக்ஹல்' என்பர். அகழ்ப்போரில் ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்கள் அம்பு பாய்ந்து காயமுற்றது இந்த அக்ஹல் நாளத்தில்தான் என ஹதீஸ் நூல்கள் குறிக்கின்றன. 'கையில் காயம்' என்று பொதுவாகச் சொல்லாமல் இன்ன நாளம் என்று சுட்டிச் சொல்லும் வழக்கம் அக்கால அரபியரிடமே இருந்தது என்பதற்கு இது சான்று.

பெற்ற நூலை அப்படியே ஒப்பித்தவர்கள் அல்லர் அவர்கள். மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று காலன் எழுதியிருந்தார். எகிப்தில் 1200–1202 ஆண்டுகளில் கொடிய பஞ்சம் நேர்ந்தபோது அப்துல் லதீப் அல்பக்தாதீ, குவிந்து கிடந்த எலும்புக்கூடுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்ந்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தலைகளைக் கண்ட பின், கீழ்த்தாடை ஒரே எலும்புதான் என்று உறுதியாக எழுதினார். விலங்குகளை வைத்து மனிதனை எழுதியதால் விளைந்த பிழைகளைப் பின்னாளில், 1543இல், வெசாலியஸ் என்பார் தம் நூலில் விரிவாக எடுத்துக் காட்டினார்.

வலம், இடம் என்னும் சொற்களிலேயே தொங்கிய பெரும் வழக்கு ஒன்றும் இருந்தது. இதயத்தின் வல அறையிலிருந்து இட அறைக்கு, நடுச்சுவரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே குருதி கசிகிறது என்பது காலனின் கொள்கை. 1242ஆம் ஆண்டு, 'அல்கானூனின்' உடற்கூற்றுப் பகுதிக்கு விளக்கம் எழுதிய இப்னு நஃபீஸ் (மறைவு 1288) அதை மறுத்தார். அந்தச் சுவர் கெட்டியானது. அதில் துளை இல்லை. வலப்புறக் குருதி நுரையீரல் வழியாகவே இடப்புறம் சேர்கிறது என்றார். மறக்கப்பட்டுக் கிடந்த இந்த ஏட்டை 1924ஆம் ஆண்டில் எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்ததாவீ பெர்லின் நூலகத்தில் கண்டு உலகுக்கு அறிவித்தார்.

நம் இல்லத்தில் உள்ள உடற்கூறு

உடலை எல்லை வகுத்துப் பார்ப்பது தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்குப் புதியதன்று. ஏழு வயதுப் பிள்ளைக்கும் வுளூவின் பாடம் தெரியும். முகம் என்றால் எது? நெற்றியில் முடி முளைக்கும் இடத்திலிருந்து தாடையின் கீழ் வரை. ஒரு காதின் சோணையிலிருந்து மறு காதின் சோணை வரை. கை என்றால் எதுவரை? முழங்கை உட்பட. கால் என்றால்? கரண்டை உட்பட. இவ்வளவு துல்லியமாக எல்லை சொல்ல வேண்டிய தேவை ஏன் வந்தது? அரபியில் 'யத்' என்ற சொல் விரல் நுனியிலிருந்து தோள் வரை எதையும் குறிக்கும். தமிழில் 'கை'யும் அப்படியே. 'கால்' என்றால் பாதமும் ஆகும், தொடையும் ஆகும். சொல் விரிந்து கிடப்பதால் எல்லைக்கல் நட வேண்டியதாயிற்று. சட்ட அறிஞர்கள் வணக்கத்துக்காகச் செய்ததை மருத்துவர்கள் சிகிச்சைக்காகச் செய்தனர்.

நம் பேச்சில் வேறு சில சொற்களும் இவ்வாறு விரிந்து கிடக்கின்றன. 'வயிறு' என்பது இரைப்பையும் ஆகும். விலாவின் கீழிருந்து இடுப்பு வரை உள்ள முழுப்பகுதியும் ஆகும். 'நெஞ்சு' என்பது மார்பு, இதயம், மனம் மூன்றுக்கும் பெயர். 'நரம்பு' என்பதோ மூளையின் செய்தியைக் கடத்தும் இழைக்கும், குருதிக் குழாய்க்கும், தசைநாணுக்கும் மக்கள் வழக்கில் ஒன்றே. குர்ஆன் தர்ஜுமாக்களில் நாம் படிக்கும் 'பிடரி நரம்பு' மூலத்தில் 'வரீத்', அதாவது குருதி ஓடும் நாளம். மொழிபெயர்த்த பெரியோர் மக்கள் வழக்கைப் பின்பற்றினர். அதில் குறை ஏதுமில்லை. மருத்துவமனையிலோ இந்தப் பொதுமை போதாது.

அதே வேளையில் தமிழின் செல்வத்தையும் குறைத்து மதிப்பிடலாகாது. உச்சி, நெற்றிப்பொட்டு, பிடரி, தோள்பட்டை, அக்குள், விலா, குறுக்கு, தொடையிடுக்கு, கெண்டைக்கால், குதிகால் என ஒவ்வோர் இடத்துக்கும் நம்மிடம் தனிப்பெயர் உண்டு. சித்த மருத்துவத்தின் வர்ம நூலார் உடலில் 108 இடங்களை வகுத்தனர். தலை முதல் கழுத்து வரை 25, கழுத்து முதல் தொப்புள் வரை 45, அதற்குக் கீழே மூலம் வரை 9, கைகளில் 14, கால்களில் 15. ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் இத்தனை விரற்கடை என்று அளந்தனர். அந்த விரலும் நோயாளியின் விரலே. ஆற்றின் கரையை ஆற்றை வைத்தே சொன்னது போல, நோயாளியின் உடலை அவர் உடலைக் கொண்டே அளந்தனர்.

மானிப்பாயில் பேசிய தமிழ்

மேனாட்டு உடற்கூற்றைத் தமிழில் சொல்ல முடியுமா என்ற வினாவுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே விடை கிடைத்து விட்டது. விடை அளித்தவர் தமிழரல்லர். அமெரிக்காவில் மாசச்சூசெட்சு மாநிலத்து வூஸ்டரில் 1822இல் பிறந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்னும் மிஷன் மருத்துவர், 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவம் செய்ததோடு உள்ளூர் இளைஞர்க்கு மருத்துவக் கல்வியும் புகட்டினார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் கற்பித்தார். ஆங்கிலம் கற்றவர் அரசுப் பணியை நாடிச் சென்று விடுவதையும், சிற்றூர்கள் மருத்துவரின்றி நிற்பதையும் கண்டார். 1864 முதல் தமிழிலேயே பாடம் நடத்தினார்.

பாடம் நடத்த நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். கிறீன் ஒரு நெறி வகுத்துக் கொண்டார். முதலில் தமிழில் சொல் தேடுவது. கிடைக்காவிடில் வடமொழியில் தேடுவது. அங்கும் இல்லையெனில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுவது. மாணவரையும் உடன் சேர்த்துக்கொண்டு நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களைத் தமிழில் அச்சேற்றினார். 'இரண வைத்தியம்' (1867) அறுவை மருத்துவத்தைச் சொன்னது. 'மனுஷ அங்காதிபாதம்' (1872), கிரே முதலிய ஆசிரியர்களின் நூல்களைத் தழுவிய முழு உடற்கூற்று நூல். பெயரைக் கவனியுங்கள். தலைமுடி முதல் பாதம் வரை வருணிக்கும் கேசாதிபாதம் தமிழ்ப் புலவர்க்குப் பழகிய இலக்கிய முறை. அதன் ஓசையை ஏற்ற பெயரே உடற்கூற்று நூலுக்கு வாய்த்தது. இப்னு ஸீனா நோய்களைத் தலையிலிருந்து பாதம் வரை வரிசைப்படுத்திய முறையும் நம் நினைவுக்கு வருகிறது.

1873இல் கிறீன் தாயகம் திரும்பினார், 1884இல் மறைந்தார். அவர் சென்றபின் அந்தத் தமிழ் வகுப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. தமிழால் இயலாது என்று அது நின்றதன்று. சொல் இருந்தது, நூல் இருந்தது, அவற்றைக் கற்றுத் தேறியவரும் இருந்தனர். அவற்றைத் தொடர்ந்து ஆதரிக்கும் கை இல்லாமற் போயிற்று.

இந்த இடத்தில் நம் சமுதாயத்தைச் சேர்ந்த மணவை முஸ்தபா (1935–2017) அவர்களை நினைவுகூர்வது கடமையாகும். 'யுனெஸ்கோ கூரியர்' தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராக நெடுங்காலம் பணியாற்றிய அவர், கலைச்சொல் ஆக்கத்தைத் தம் வாழ்நாள் தொண்டாகக் கொண்டார். மருத்துவச் சொற்களுக்கென்றே தனிக் களஞ்சியம் தொகுத்தார். ஹுனைன் அரபிக்கும் கிறீன் தமிழுக்கும் செய்த பணியின் தொடர்ச்சியே அது.

ஒரு பொருளுக்கு ஒரு சொல்

சொற்கள் மிகுதியாக இருப்பதும் ஓர் இடர்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் ஏறத்தாழ ஐயாயிரம் உறுப்புப் பகுதிகளுக்கு ஐம்பதாயிரம் பெயர்கள் வழங்கின. 1895இல் பாசல் நகரில் கூடிய உடற்கூற்று அறிஞர்கள் ஒரு பகுதிக்கு ஒரு பெயர் என வகுத்தனர். அந்தப் பட்டியலைத் திருத்தித் திருத்தி, 1998இல் இன்றைய அனைத்துலகச் சொற்றொகுதியின் முதற் பதிப்பை வெளியிட்டனர்.

தமிழில் அத்தகைய ஒருமை இன்னும் முழுமை பெறவில்லை. இதயத்திலிருந்து குருதியைக் கொண்டு செல்லும் குழாயைத் தமிழ்நாட்டுப் பாடநூல் 'தமனி' என்கிறது. ஈழத்துப் பாடநூல் 'நாடி' என்கிறது. இதயத்துக்குக் குருதியைக் கொண்டு வருவதை இங்கே 'சிரை' என்கின்றனர். அங்கே 'நாளம்' என்கின்றனர். நாகூரிலும் காத்தான்குடியிலும் உள்ள இரு மாணவர் ஒரே மொழியில், ஒரே குழாயைப் பற்றி, வெவ்வேறு பெயரால் கற்கின்றனர். கடல் கடந்த உறவுகளை வியாபாரத்திலும் திருமணத்திலும் பேணி வந்த நம் மக்கள், இச்சொற்களிலும் அந்த உறவைக் கோர வேண்டும்.

மலை ஏறாத சொற்கள்

இனி இன்றைய நிலையை நோக்குவோம். அமிர்தி மலைப்பகுதியில் நோயுற்றவர் இறங்கி வரும் வேலூர், மருத்துவத்துக்குப் பெயர் பெற்ற நகரம். 1900ஆம் ஆண்டு ஐடா ஸ்கடர் ஒரே படுக்கையோடு தொடங்கிய பணி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகவும், பின்னர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாகவும் வளர்ந்தது. அதன் கல்லூரி வளாகம் நகரின் தென்புறத்துப் பாகாயத்தில் உள்ளது. 2005 முதல் அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்கி வருகிறது. ஆக, மலையடிவாரத்திலிருந்து நகர் சேரும் குறுகிய தொலைவுக்குள்ளேயே உடற்கூறு கற்பிக்கும் இரு கல்லூரிகள் உள்ளன. ஆனால் அங்கே ஆண்டுதோறும் கற்பிக்கப்படும் திசைச் சொற்கள் மலைக்கு ஏறிச் செல்வதில்லை. மலையில் மட்டுமா? வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் மேல்விஷாரத்திலும், ஏன், சென்னையின் நடுவிலுங்கூட அவை வீடுகளுக்குள் வருவதில்லை.

இதனால் விளையும் இழப்பு சிறிதன்று. குடல்வால் அழற்சியில் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணி நேரத்தில் வலது கீழ்வயிற்றில் சென்று நிலைக்கும். 'வயிறு வலிக்கிறது' என்று மட்டும் சொன்னால் இந்த இடமாற்றம் மறைந்து போகும். சிறுநீரகக் கல்லின் வலி விலாவுக்குக் கீழே முதுகுப்புறம் எழுந்து, முன்புறமாகத் தொடையிடுக்கை நோக்கி இறங்கும். மாரடைப்பின் வலி நடுமார்பில் மட்டும் நிற்காமல் இடக்கைக்கோ தாடைக்கோ மேல்வயிற்றுக்கோ பரவலாம். அதை வாயு என்று எண்ணிக் கஷாயம் குடித்துக் காலம் கடத்துவோர் உண்டு. வலி எங்கே தொடங்கிற்று, எப்பக்கம் நகர்ந்தது, மேற்பரப்பிலா ஆழத்திலா என்று சொல்லத் தெரிந்தவர் மருத்துவரின் பாதி வேலையை எளிதாக்கி விடுகிறார்.

நம் இல்லத்துப் பெண்கள் படும் இடர் வேறு வகையானது. நாணத்தால் உறுப்பின் பெயரைச் சொல்லத் தயங்கி, 'அங்கே', 'உள்ளே', 'உடம்பெல்லாம்' என்று சொல்லி நிறுத்துகின்றனர். உடன் வந்த கணவரோ மகனோ அதையும் சுருக்கி மருத்துவரிடம் கூறுகின்றனர். அடிவயிற்றின் நடுப்பகுதி, இடப்புறக் கீழ்வயிறு, வல மார்பின் வெளிப்பக்க மேற்பகுதி என்பன போன்ற சொற்கள் நாணத்துக்கு இழுக்கின்றி உண்மையைத் தெளிவாக உரைக்கும். இச்சொற்களைத் தாய் மகளுக்குக் கற்பிக்கலாம். மத்ரஸாவிலும் பள்ளியிலும் ஆசிரியர் கற்பிக்கலாம். வுளூவின் எல்லைகளை அறிந்த பிள்ளைக்கு இவை ஒரு மாலைப்பொழுதின் பாடமே.

வலத்துக்கு இடம் மாறியதால் தவறான பக்கத்தில் அறுவை நேர்ந்த துயரங்கள் உலகெங்கும் பதிவாகியுள்ளன. இதைத் தடுக்கவே 2008இல் உலக சுகாதார நிறுவனம் அறுவைக்கூடங்களுக்கான சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. மயக்கம் கொடுப்பதற்கு முன்பே, அறுவை செய்ய வேண்டிய இடத்தை நோயாளி தம் வாயால் உறுதி செய்வதும், அவ்விடத்தில் குறி இடப்பட்டுள்ளதா எனப் பார்ப்பதும் அதில் அடங்கும். எத்தனை கருவிகள் வந்த பின்னும், கடைசிச் சான்றாக நோயாளியின் சொல்லையே உலகம் கேட்கிறது. அந்த வேளையில் சொல்ல நம்மிடம் சொல் இருக்க வேண்டும்.

காலனை அரபியர் கற்றபோது அவர் அந்நியராக இருந்தார். சொல் கண்டபின் அவருடைய அறிவு அரபியருடையதாயிற்று. அரபியரை இலத்தீன் உலகம் கற்றபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. கிறீனின் மானிப்பாய் அதைத் தமிழுக்கும் செய்து காட்டியது. இனி எஞ்சியிருப்பது, அச்சொற்கள் ஏட்டிலிருந்து இறங்கி நம் வீட்டு முற்றத்துக்கு வருவதுதான். வீட்டில் ஒருவர் வலியால் துடிக்கும்போது, 'எங்கே?' என்று அன்போடு கேட்கத் தெரிந்த நாம், அதற்கு விடை சொல்லும் மொழியையும் நம் பிள்ளைகளுக்குக் கொடுத்துச் செல்வோமாக.